வாடகைக்காரர் ஏன் அழுகிறார்

நுன்சியா நடந்துவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வேறு எந்த வீட்டிலாவது ஆறு வயதுவரை நாற்காலியோடு நாற்காலியாக இருந்த பிள்ளை எழுந்து நடந்தால் தெருவுக்கே இனிப்பு கொடுப்பார்கள். நேப்பிள்ஸின் அந்தக் குறுகலான சந்தில், மூன்றாம் மாடியில், சபாத்தினோ செய்த முதல் காரியம் பாய்ந்து போய் பால்கனிக் கதவைச் சாத்தியது. அடுத்த காரியம், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதது.

நடந்தது இதுதான். ரொட்டிக் கடைக்காரன் கீழே, பால்கனியிலிருந்து இறக்கிய கூடையில் ரொட்டியை வைத்துக் கயிற்றை ஆட்டினான். கூடையை மேலே இழுப்பது நுன்சியாவின் உத்தியோகம். பால்கனிக் கம்பியோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இழுப்பாள். மேல்மாடிக் கூடைகளையும் அவள்தான் பார்த்துக்கொள்வாள். ஒருவர் தொட்டுவிட முடியாது, அலறிவிடுவாள். அன்றைக்கு நாற்காலி அடுக்களையில் இருந்தது, அவள் கூடத்துத் தரையில் இருந்தாள். கயிறு ஆடியதைப் பார்த்தாள். உத்தியோகம் என்றால் உத்தியோகம்தானே! எழுந்தாள், எதையும் பிடிக்காமல் தத்தித் தத்திப் போனாள், கூடையை இழுத்தாள், பொத்தென்று உட்கார்ந்தாள்.

இதில் அழ என்ன இருக்கிறது என்று கேட்டால், அந்த நாட்டுச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். சொல்கிறவர் வாய் கோணிக்கொள்ளும், பரவாயில்லை.

பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டுமானால் கல்யாணமான ஆணும் பெண்ணுமாக இருக்க வேண்டும். சபாத்தினோவும் எமீதியோவும் போல இரண்டு ஆண்கள் எத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்து, ஒரே குழம்புக்குச் சண்டை போட்டாலும் சரி, தத்து கொடுக்கிற சட்டத்துக்கு அது குடும்பம் இல்லை. ஆனால் தாய் தகப்பன் இல்லாத, கடுமையான ஊனமுள்ள பிள்ளை என்றால் மட்டும் ஒண்டிக்கட்டை ஒருவனுக்குக் கூடக் கொடுக்கலாம். நல்ல காலுள்ள பிள்ளையை வளர்க்க லாயக்கில்லாதவன், கால் வராத பிள்ளையை வளர்க்க லாயக்கானவன்! இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ, மாதாவுக்கே வெளிச்சம்.

ஆகவே காகிதத்தில் எமீதியோ ஒண்டிக்கட்டை. சபாத்தினோ பின்னறைக்கு வாடகைக்காரன். எமீதியோ நகராட்சியில் பிறப்புப் பதிவு எழுதுகிறவன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தகப்பன் பெயரை அழகாக எழுதிக் கொடுப்பான். வாடகை ஒப்பந்தத்தையும் அவனே எழுதினான், பாத்திரம் கழுவுவது வாடகைக்காரன் பொறுப்பு என்ற விதியோடு. அதை வைத்து வீட்டில் தினமும் ரகளை. "ஒப்பந்தத்துல இருக்குடா" என்பான் எமீதியோ. "உன் ஒப்பந்தத்த எண்ணெய்ல போட்டு வறுத்துடுவேன்" என்பான் சபாத்தினோ. வறுக்கக் கூடியவன்தான். சந்து முனையில் பொரித்த பிட்சாக் கடை அவனுடையது.

இந்த நாடகம் எல்லோருக்கும் தெரியும். நீதிபதிக்குத் தெரியும். வீட்டைச் சோதிக்க வருகிற சமூகநலத்துறை அம்மாளுக்குத் தெரியும். "வாடகைக்காரர் சௌக்கியமா?" என்று கண்ணடித்துக் கேட்டு, ஒரு பிட்சாவையும் பொட்டலம் கட்டிக்கொண்டு போவார். காகிதத்துக்கு மட்டும்தான் தெரியாது.

நுன்சியா பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போதாமல் போனவள். பெற்றவள் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுப் போனாள். பார்க்க வந்த தம்பதிகள் "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் தற்காலிக வளர்ப்புக்கு என்று எமீதியோ கையெழுத்துப் போட்டு அழைத்துவந்தான். கையெழுத்து அவனுடையது, கை சபாத்தினோவுடையது. காலையில் கடையில் மாவு பிசைவான், மத்தியானம் வீட்டுக்கு வந்து ஆலிவ் எண்ணெய் தடவி அந்த இரண்டு கால்களையும் நீவுவான். "எழுந்திரு செல்லம், எழுந்திரு என் ராசாத்தி" என்று இரண்டு வருடமாகத் தொண்டை கட்டக் கத்தினான்.

இப்போது எழுந்துவிட்டாள். நீதிபதியோ, "மருத்துவக் குழுகிட்ட புதுசா ஊனச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க, பழசு காலாவதி. கொண்டுவந்த அன்னைக்கே தத்துல கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளை தேறிவிட்டாள் என்று குழு எழுதினால் கதை முடிந்தது. அவள் பெயர் சாதாரணப் பட்டியலுக்குப் போகும். அங்கே வடக்கே ஒரு பொறியாளரும் மனைவியும், கல்யாணமானவர்கள், லேசான குறை மட்டும் உள்ள பிள்ளை வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்.

"அவ நடந்தா நம்மள விட்டுப் போயிடுவாடா" என்றான் எமீதியோ. முகத்தில் ரத்தம் இல்லை.

"நான்தானடா நடக்க வெச்சேன்."

"அதத்தான் சொல்றேன்."

ரகசியம் காப்பி பொங்குகிற நேரம்கூடத் தாங்கவில்லை. எதிர் ஜன்னல் தொன்னா ரஃபிலீனா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். சாயங்காலத்துக்குள் சந்தே அடுக்களையில் கூடிவிட்டது. நடுநாயகமாக உட்கார்ந்தார் தோன் சிச்சில்லோ. மனுஷர் பல வருடம் குருடர் என்று அரசாங்க உதவி வாங்கியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப்பிள்ளைகளின் கால்பந்தாட்டத்தில், "பந்து கோட்டைத் தாண்டிடுச்சு, நான் பாத்தேன்!" என்று நடுவரோடு மல்லுக்கு நின்றபோது மாட்டிக்கொண்டார்.

"குழுவ எப்படிச் சமாளிக்கறதுன்னு நான் பிள்ளைக்குச் சொல்லித் தரேன்" என்றார்.

"தோன் சிச்சில்லோ, என் பிள்ளைக்கு நெசமாவே கால் வராதுய்யா. ஏதோ நாலு அடி வெச்சா. அதுக்குப் போய் நடிக்கணுமா?"

"நெசம்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆபீசுக்கு நெசம் பத்தாது சபாத்தினோ. நெசத்துக்கு நடிக்கத் தெரியாது. அதான் அது எல்லா எடத்துலயும் தோத்துப் போகுது."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. வேறு ஊராக இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்த்திருப்பார்கள். அந்தச் சந்தில் ஆபீசுக்கு வெறும் உண்மையோடு போவது, மழையில் குடையில்லாமல் போவது மாதிரி.

பயிற்சி தொடங்கியது. தலையைச் சாய்ப்பது, நாக்கைத் தொங்கவிடுவது, கண்ணைச் சொருகுவது. அட, நுன்சியாவுக்கு என்ன குஷி! ஒவ்வொரு தடவையும் சந்தே கை தட்டியது. அவள் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு மறுபடி கண்ணைச் சொருகினாள். தொன்னா ரஃபிலீனா, "பாவி மக, என் புருஷன் சாகும்போதுகூட இப்படிக் கண்ணு சொருகல" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

ஆனால் நடையைக் கண்ட பிள்ளை சும்மா இருக்குமா? நாற்காலியிலிருந்து நழுவி நழுவி எழுந்தாள். எழும்போதெல்லாம் சபாத்தினோ, "உக்காரு செல்லம்" என்றான். எழுந்திரு என்று கத்திய அதே வாய். முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. ஒருநாள் கூடைக் கயிறு ஆடியது. பாதி எழுந்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "உக்காரு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குச் சபாத்தினோ கடை திறக்கவில்லை. தன் வாயில் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மருத்துவக் குழு முன்னால் போக வேண்டிய நாளில் பாதிச் சந்து பஸ் ஏறியது. வேண்டாம் என்று எமீதியோ கெஞ்சினான், யார் கேட்டார்கள்? தொன்னா ரஃபிலீனா எழவு வீட்டுக்குப் போகிற கறுப்பு உடையில் வந்தாள். தோன் சிச்சில்லோ பழக்கதோஷத்தில் கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியுமாக வந்தார்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் டாக்டர் கஃபியேரோவும் ஒரு பெண் டாக்டரும். தோன் சிச்சில்லோவின் பழைய குருடர் வழக்கை விசாரித்தவரும் கஃபியேரோதான். நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, தோன் சிச்சில்லோ! கண்ணு எப்படி இருக்கு?"

"ரொம்ப மோசம் டாக்டர். ஒண்ணுமே தெரியல. நீங்க எளைச்சுட்டீங்களே, உடம்புக்கு என்ன?"

அவ்வளவுதான். சனி தானாக வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது. கஃபியேரோவின் பார்வை கூட்டத்தின் மேல் ஊர்ந்து நுன்சியாவிடம் வந்து நின்றது. அவளோ, கூட்டத்தைக் கண்ட உற்சாகத்தில், தலையைச் சாய்த்து, நாக்கைத் தொங்கவிட்டு, கண்ணைச் சொருகினாள். தொன்னா ரஃபிலீனா மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள்.

"குறை காலுலன்னு எழுதியிருக்கு. கண்ணு ஏன் சொருகுது?" என்றார் டாக்டர்.

ஒப்பாரி பாதியில் நின்றது.

டாக்டர் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து உறையைப் பிரித்தார். மேஜையின் அந்தக் கோடியில் வைத்தார். "நடிப்புன்னா நடிப்புன்னு எழுதிட்டுப் போறேன். எனக்கு அவசரமில்ல" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நுன்சியாவின் நாக்கு உள்ளே போனது. கண் நேரானது. சாக்லேட்டைப் பார்த்தாள், சபாத்தினோவைப் பார்த்தாள். கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கின. "உக்காரு" என்று மெல்லச் சொல்லிக்கொண்டாள். எச்சில் விழுங்கினாள். மறுபடியும், "உக்காரு."

சபாத்தினோவுக்குப் பொறுக்கவில்லை. பெற்றால்தான் பிள்ளையா? போகட்டும், இவள் எங்கே வேண்டுமானாலும் போய் நடக்கட்டும், பொறியாளர் வீட்டிலாவது நடக்கட்டும் என்று தோன்றியது.

"எழுந்திரு என் ராசாத்தி!" என்று கத்தினான். "நட! போய் எடுத்துக்கோ!"

எமீதியோ சுவரைப் பிடித்துக்கொண்டான்.

நுன்சியா எழுந்தாள். முட்டிகள் ஒன்றோடொன்று இடித்தன. ஒரு கால் போனது, மற்றது பின்னாலேயே இழுபட்டு வந்தது. கைகள் தண்ணீரில் துழாவுவது போலத் துழாவின. நடுவழியில் விழுந்தாள். எல்லோரும் பாய்ந்தபோது, "ம்ம்!" என்று அதட்டினாள். மேஜைக் காலைப் பிடித்து எழுந்து, மிச்ச தூரத்தையும் கடந்து, சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

வந்த காரியம் மறந்து சந்தே கை தட்டியது. தோன் சிச்சில்லோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சபாத்தினோ தேம்பித் தேம்பி அழுதான்.

"நீங்க யாரு?" என்றார் டாக்டர்.

"நான்... வாடகைக்கு இருக்கேன் டாக்டர்."

"வாடகைக்காரர் ஏன் அழறாரு?"

காகிதத்தில் தவிர வாயால் பொய் சொல்லத் தெரியாத எமீதியோ முன்னால் வந்தான். "ஒப்பந்தத்துல இருக்கு டாக்டர்" என்றான்.

பெண் டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்தார். குனிந்தபடியே நுன்சியாவின் கால்களை அமுக்கிப் பார்த்தார், பாதத்தை மடக்கிப் பார்த்தார், கஃபியேரோவிடம் ஏதோ முணுமுணுத்தார். கஃபியேரோ பேனாவைத் திறந்தார். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "கடுமையான நிலை. நிரந்தரம். நடக்க இயலாதவர்."

எமீதியோ கண்ணை மூடி மாதாவைக் கும்பிட்டான். சபாத்தினோவுக்கோ சுர்ரென்று ஏறியது.

"என்னது? நடக்க இயலாதவளா? கண்ணு அவிஞ்சா போச்சு? இப்ப நடந்தாளே, இத்தனை பேர் பாத்தோமே!"

"டேய், வாய மூடுடா" என்றான் எமீதியோ.

"நீ சும்மா இரு! ரெண்டு வருஷம் உழைச்சிருக்கு பிள்ள. போற போக்குல நடக்க மாட்டான்னு எழுதிட்டுப் போவாரா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். குரல் தணிந்திருந்தது. "ஐயா, டாக்டர் கண்ணுக்கு இது நடையே இல்ல. இந்தக் காலை வெச்சுக்கிட்டு இவ நின்னதே பெரிசு. உக்காந்தே இருந்திருந்தா ஏமாத்துன்னு அனுப்பியிருப்பேன். நடந்ததாலதான் காலு எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுது." பேனாவை மறுபடி எடுத்தார். "நீங்களே சொல்லுங்க. நடக்கறான்னு எழுதட்டுமா?"

எமீதியோ சபாத்தினோவின் கையைப் பிடித்தான். வாடகைக்காரன் கையை வீட்டுக்காரன் ஆபீசில் பிடித்தது அதுதான் முதல் தடவை.

சபாத்தினோவின் வாழ்க்கையில் பெருமை என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதைத் தன் வாயாலேயே இல்லை என்று சொல்ல வேண்டும்.

"வேண்டாம் டாக்டர்" என்றான். "அவ... நடக்க மாட்டா."

நுன்சியா மெல்வதை நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

சாயங்காலம் சந்தில் வெடி வெடித்தார்கள். அந்த ஊரில் மாமியார் ஊருக்குப் போனாலே வெடி வெடிப்பார்கள், இதற்கு வெடிக்காமல் இருப்பார்களா? வழியே போன வெளியூர்க்காரன் ஒருவன் என்ன விசேஷம் என்று கேட்டான். "எங்க பிள்ள நடக்கவே மாட்டான்னு எழுதிக் குடுத்துட்டாங்கய்யா!" என்று தோன் சிச்சில்லோ அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அவன் ஓட்டமாக ஓடிப்போனான்.

மேலே நுன்சியா நாற்காலியில் இருந்தாள். ரொட்டிக்காரன் கயிற்றை ஆட்டினான். அவள் அசையவில்லை. சபாத்தினோ முன்னால் போய் மண்டியிட்டான்.

"கூடை வந்திருக்கு செல்லம். போ."

"நடக்க மாட்டா" என்றாள் அவள். அவன் குரலிலேயே சொன்னாள்.

மேஜை மேலிருந்த சான்றிதழை எடுத்து அவளிடம் காட்டினான். "இதோ பாரு, இதுக்குள்ள ஒரு நுன்சியா இருக்கா. அவதான் நடக்க மாட்டா. பாவம், அவள விட்டுடு. இந்தக் காகிதத்துல இருக்கறவங்க எல்லாருமே அப்படித்தான். அங்க நான்கூட வாடகைக்காரன்."

நுன்சியா காகிதத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"நீ நட" என்றான்.

அவள் எழுந்தாள். தத்தித் தத்திப் பால்கனிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

"யோவ், கதவச் சாத்துங்கய்யா!" என்று எதிர் ஜன்னலிலிருந்து தொன்னா ரஃபிலீனா அலறினாள். "எவனாவது பாத்துத் தொலைக்கப் போறான்!"

"பாக்கட்டும்" என்றான் சபாத்தினோ. பால்கனியின் மற்றொரு கதவையும் அகலத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனான்.