பதின்மூன்றாம் அத்தியாயமும் ஒரு செருப்பளவும்

பன்னிரண்டு வருடம் பன்றி மேய்த்துவிட்டு வந்த பெங் லான்ஷுவிடம், அவர் குற்றவாளியே இல்லை என்று வூஹான் பத்திரிகை அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். நல்ல தாள். முத்திரை சிவப்பாக, வட்டமாக, கோணாமல் விழுந்திருந்தது. பன்றிகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அது 1979, வசந்தம். பழைய மேசையே திரும்பக் கிடைத்தது. அதைவிட நல்ல செய்தி, துறைமுகத்தில் மூட்டை சுமந்த பெண்களைப் பற்றி அவர் முன்பு எழுதியதைப் புத்தகமாகப் போடப் பதிப்பகம் தயார். மாதக் கடைசிக்குள் முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த மாதம் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது பதிப்பகத்துக்கும் தெரியாது, வானிலை நிலையத்துக்கும் தெரியாது.

பன்னிரண்டு அத்தியாயங்கள் பழைய இதழ்களில் கிடைத்துவிட்டன. பதின்மூன்றாவதுதான் இல்லை. இருபத்து மூன்று பெண்களின் பெயர்களும், ஒவ்வொருத்தியும் தன் வாயால் சொன்ன நாலு வரியும் அதில்தான் இருந்தன. மூட்டைக்காரி யூ அன்று சொன்னது லான்ஷுவின் காதை விட்டுப் போகவே இல்லை. "எங்கள அழகாவெல்லாம் எழுத வேணாம் அக்கா. பேர மட்டும் தப்பில்லாம போடு."

போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த மாதம் கலாச்சாரப் புரட்சி வந்துவிட்டது. வீட்டுப் பிரதியைப் பயத்தில் அவரே அடுப்பில் போட்டார். அலுவலகப் பிரதியை வந்தவர்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார். பதினாறு பெயர்கள் வந்தன. அதற்கு மேல் பேனா தானாகவே, "நான் என் தவறை ஆழமாக உணர்கிறேன்" என்று எழுதியது. பன்னிரண்டு வருடமாக அவர் எழுதியதெல்லாம், தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு கட்சிக்கு எழுதிக் கொடுக்கும் தன்விமர்சனம். கை பழகிவிட்டது. துறைமுகப் பெண்கள் எந்தத் தவறையும் ஆழமாக உணர்ந்தவர்கள் இல்லை என்பதால் தாளைக் கசக்கிப் போட்டார்.

அப்போதுதான் ஷி குவாங்ஜுன் ஞாபகம் வந்தது. லான்ஷுவைக் கண்டித்துப் பதினொரு கட்டுரை எழுதியவர். இப்போது அதே அலுவலகத்தில் கொதிநீர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லான்ஷு தேநீர்க் குவளையோடு வருவது தெரிந்தாலே நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால் போய்விடுவார்.

அன்று லான்ஷு மறுபக்கமாகச் சுற்றி வந்தார்.

"ஓடாதீங்க தோழர் ஷி. எனக்கு முட்டி வலிக்குது."

"மன்னிப்புக் கேக்கணும்னுதான் இருந்தேன், பெங் அக்கா. மூணு தடவை எழுதிக்கூடப் பார்த்தேன்."

"வேணாம், உங்க நடை எனக்குத் தெரியும். என்னைத் திட்டறதுக்காக என் கடைசி அத்தியாயத்தை அச்சடிச்சீங்களே, அது எங்க?"

நடந்தது இதுதான். கட்சிக்கு ஆகாத எழுத்துக்கும் ஆளுக்கும் அந்நாளில் விஷக்களை என்று பெயர். ஒரு விஷக்களையை மக்கள் திட்ட வேண்டுமானால் முதலில் அதைப் படித்தாக வேண்டும். எனவே ஷியின் குழு, பிடுங்கிய அத்தியாயத்தையும் பதினொரு கட்டுரைகளையும் சேர்த்து நாலாயிரம் பிரதி அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தது. லான்ஷுவின் எந்த எழுத்தையும் அதற்கு முன் இவ்வளவு பேர் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. பிறகு ஷியின் குழுவே விஷக்களை என்று முடிவானபோது, நாலாயிரத்தையும் திரும்ப வாங்கிக் கொளுத்தினார்கள்.

"ஒண்ணு குறைஞ்சுது," என்றார் ஷி, நிலக்கரியிடம். "அது எங்க வீட்டுல இருக்கு. ஆனா என் பெண்டாட்டிகிட்ட. நீங்களே கேட்டுக்குங்க, எனக்குத் தைரியம் பத்தாது."

ஷியின் மனைவி சாய், சந்தில் மூங்கில் முக்காலி போட்டுத் துணிச் செருப்புக்கு அடி தைத்துக்கொண்டிருந்தார். கூட வந்த ஷி துணிக்கொடியோரம் ஒதுங்கி நின்றுகொண்டார். விஷயத்தைக் கேட்டதும் சாய் ஊசியை நிறுத்தினார்.

"கட்சிக்காரங்க கேட்டே நான் குடுக்கல. காகிதத்துல வெட்டின அம்பத்தாறு செருப்பளவு அதுக்குள்ளதான் வெச்சிருக்கேன். குடுத்துட்டு அளவையெல்லாம் தலைமேலயா வெச்சுக்கறது?"

"கொண்டு போகல தங்கச்சி. இங்கயே உக்காந்து பாத்து எழுதிட்டுத் தந்துடறேன்."

"அப்ப சரி. வரிசை கலையக் கூடாது."

பக்கத்துக்குப் பக்கம் பாதம் பாதமாகக் காகித அளவுகள். அவற்றை வரிசை கலையாமல் நகர்த்தி நகர்த்தி லான்ஷு எழுதினார். ஓரத்தில் ஷியின் சிவப்புப் பென்சில், 'விஷம்', 'கொடிய விஷம்' என்று கூடவே வந்தது. பத்தொன்பதாவது பெண் முடிந்து தாளைத் திருப்பினால், கடைசித் தாளின் நடுவே ஒரு ஓட்டை. குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை சுத்தமாக வெட்டப்பட்ட சின்னப் பாதம். நாலு பெண்களைக் காணவில்லை.

"இது என்ன?"

சாய் எட்டிப் பார்த்தார். "அதுவா, அன்னைக்குக் காகிதம் பத்தல. பெரியவளுக்கு ஏழு வயசுல வெட்டினது. இப்ப அவ என்னைவிட உசரம்."

"வெட்டின துண்டு?"

"எவளோ இரவல் வாங்கிட்டுப் போனா." சாய் எழுந்து நின்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். "அடியே, எம் பெரியவளோட ஏழு வயசுக் காலு எவகிட்டடி இருக்கு?"

நாலைந்து கதவுகள் திறந்தன. பெட்டிகள் இழுபட்டன. "என்கிட்ட இருக்கறது உன் மாமியார் காலு!" என்றது ஒரு குரல். "அதை நீயே வெச்சுக்க!" என்றார் சாய். லான்ஷு பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. கடைசியில் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து, துணி காயப்போடும் கழியின் நுனியில் துணிக் கவ்வி போட்டு மாட்டிய ஒரு காகிதப் பாதம் இறங்கி வந்தது.

லான்ஷு அதை ஓட்டையில் வைத்தார். பொருந்தியது. தெங் சாங்லியான். கொங் அர்நீ. ரென் ஷுவாங். மாவ் ஹேஹுவா. "எனக்கு நாப்பது வயசாச்சு," என்று மாவ் ஹேஹுவா குதிகால் பக்கத்திலிருந்து சொன்னார், "எம்பேர யாரும் எழுதி நான் பாத்ததில்ல." பக்கத்தில் சிவப்புப் பென்சில்: 'மிகக் கொடிய விஷம். மறுபடி படிக்க வேண்டும்.'

லான்ஷு நிமிர்ந்து ஷியைப் பார்த்தார். ஷி, காய்கிற துணிகளைப் பார்த்தார்.

நாலு பெயரையும் எழுதி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து எழுந்தபோது, அன்று ஒரு வாக்கியத்தில்கூடத் தன் தவறை உணரவில்லை என்பதை லான்ஷு கவனித்தார்.

அக்டோபரில் புத்தகம் வந்தது. இரண்டு பிரதிகளோடு சந்துக்குப் போனார். ஒன்று ஷி படிக்க, ஒன்று சாய் அளவுகள் வைக்க. சாய் தன்னுடையதைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"என்ன அக்கா, பழசு அளவுக்குத் தடிமனா இல்லையே?"

"இதுல உங்க வீட்டுக்காரர் கட்டுரை பதினொண்ணும் இல்லல்ல," என்றார் லான்ஷு. "பொறு, அடுத்ததைத் தடிமனா எழுதறேன்."