கோகிலவாணியின் இதயம் ஓடும் வழி

வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்கு என் மனைவி கோகிலவாணியின் இதயம் நின்றது. அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நின்னு போச்சுங்க," என்றாள். "போயி என்னன்னு கேட்டுட்டு வாங்க. பன்னெண்டு மணி வரைக்குந்தான் தாங்கும்."

எங்கள் குடியிருப்பின் பராமரிப்பு அலுவலகம் ஐந்தாம் மாடியில் இருக்கிறது. கட்டடத்துக்கு நான்கு மாடிதான். ஏறினேன்.

மேலாளர் செபாஸ்டின் சுவர் அகலத்துக்கு ஒரு வரைபடத்தை விரித்தார். யார் எதனால் ஓடுகிறார்கள் என்று அதில் கோடு கோடாக இருந்தது.

"உங்க வீட்டம்மா இதயம் ஜமீலா அக்கா தையல் மெஷின்ல ஓடுது."

"எனக்குத் தெரியாதுங்களே."

"ஓடுற வரைக்கும் யாருக்குந் தெரியாதுங்க."

இரண்டாம் மாடியில் ஜமீலா அக்கா மெஷின் முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல வெயில். அறைக்குள் மட்டும் கும்மிருட்டு.

"ஊசி தெரியல தம்பி. நாச்சிமுத்து அண்ணன் விசிலடிச்சாத்தான் இந்த வீட்டுக்கு வெளிச்சம் வரும். நேத்திலிருந்து அடிக்கல. மிச்சமிருந்த வெளிச்சமும் காலைல எட்டே காலுக்குத் தீந்து போச்சு."

நாச்சிமுத்து கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இறங்க இறங்கப் படிகள் கூடின. பதினொன்றே முக்காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அவர் விசிலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ண்ணா அடிக்கல?"

"மூச்சு வரலீங்க. தினம் காலைல ஒருத்தர் இப்படிப் போறப்ப, சாப்டாச்சுங்களான்னு கேப்பாரு. அதுலதான் வந்துட்டிருந்துச்சு. நேத்து செல்போன்ல பேசிட்டே போயிட்டாரு."

"யாருங்க?"

"நீங்கதானுங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அவர் எதிரில் போய் நின்று கேட்டேன்.

"சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. கோதுமை உப்புமா," என்று சொல்லிவிட்டு ஊதினார்.

மேலே ஜமீலா அக்காவின் ஜன்னல் வெளுத்தது. மெஷின் தடதடத்தது. கோகிலவாணி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஓடுதுங்க!" என்று கத்தினாள். நான் கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு மறுபடியும் செபாஸ்டினிடம் ஏறிப் போனேன்.

"நான் யாரால ஓடறனுங்க?"

வரைபடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். "எல்லாக் கோடும் உங்ககிட்ட வருதுங்க. யாருன்னு சொல்றது?"

அதனால் கதவு கதவாகத் தட்டி நன்றி சொல்லத் தொடங்கினேன். ஒருவருக்குச் சொல்லி முடித்ததும் நடைவழியில் இன்னொரு கதவு முளைக்கிறது. இதுவரை நானூற்றுப் பதினேழு. யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. கோகிலவாணி பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு கூடவே வருகிறாள். அடுத்த கதவு இப்போதுதான் வந்திருக்கிறது. பெயின்ட் காயட்டும் என்று இருவரும் காத்து நிற்கிறோம்.