சலங்கைப் பட்டையும் ஜெர்மன் மிஷினும்

2008-ஆம் வருஷம், சிவராத்திரிக்கு முந்தின நாள் காலை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பையும் பெல்ட்டும் தைக்கும் நித்யா மேரியின் கடைக்குள் சிந்துஜா மூச்சிரைக்க நுழைந்து, கையிலிருந்த சாக்குப்பையை அப்படியே தரையில் கவிழ்த்தாள். அத்தனையும் சலங்கைகள். சிதம்பரத்தில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித்தருகிறவள் அவள்.

"நாளைக்குச் சாயங்காலம் கோயில் நாட்டியாஞ்சலியில எங்க பிள்ளைங்க ஆடுறாங்கக்கா. நேத்து ஒத்திகையில பட்டை பிரிஞ்சு மணியெல்லாம் தெறிச்சிடுச்சு. பார்த்தா எல்லாத்துலயும் நூல் இத்துப்போயிருக்கு. அங்க கேட்ட கடையெல்லாம் கையை விரிச்சிட்டாங்க."

நித்யா ஒரு பட்டையை வளைத்துப் பார்த்தாள். தடித்த தோல், அதுவும் இரண்டு மடிப்பு. அவளுடைய சின்ன மிஷினில் ஊசி உடையும். ஆனால் மூலையில் இன்னொன்று நின்றது. மூடிப்போன ஒரு ஷூ கம்பெனியின் ஏலத்தில் அவள் கணவன் ஜோசப்ராஜ் ஆசைப்பட்டு எடுத்த, வெள்ளைக்காரன் காலத்து ஜெர்மன் மிஷின். வந்த நாளாக அது ஒரு முழம்கூட ஒழுங்காகத் தைத்ததில்லை.

"இன்னைக்கே முடிச்சிடலாம், உக்காரு" என்று வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் மூலையிலிருந்த மிஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

சிப்காட் தொழிற்பேட்டையில் மிஷின் பிட்டர் வேலை பார்க்கும் ஜோசப்ராஜுக்கு அன்று லீவு. மூவரும் மிஷினைச் சுற்றி நின்றார்கள். நித்யா துண்டுத் தோலை வைத்து மிதித்தாள். மேலே தையல் அழகாக விழுந்தது. திருப்பினால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டு கிடந்தது.

"அடிநூல் லூசு. அது சுத்தியிருக்கிற பாபினை இறுக்கு" என்றான் ஜோசப்ராஜ்.

இறுக்கினாள். கூடு பெரிதானது. நித்யா சற்று யோசித்துவிட்டு, பாபினைப் பழையபடி தளர்த்தி, அதில் வெள்ளை நூலையும் மேலே கறுப்பு நூலையும் போட்டுத் தைத்தாள். அடியில் சுருண்டது கறுப்பு!

"ஏங்க, கோளாறு கீழ இல்லங்க, மேல! மேல்நூலைத்தான் எதுவும் புடிக்கல!"

நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டிய இரண்டு வட்டத் தகடுகளைக் கழற்றினார்கள். நடுவே பழைய நூல் சிக்கு துருவோடு கட்டியாகி, தகடுகளைச் சேரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டியதும் அடித்தையல் நேராக வந்தது. சிந்துஜா கைதட்டினாள்.

தட்டி முடிப்பதற்குள், தோல் மடிந்து தடிக்கும் இடத்தில் மிஷின் தையலை விட்டுவிட்டுத் தாவியது. ஊசியை மாற்றினாலும் அதே கதை.

"சிந்துஜா, சக்கரத்தைக் கையால மெதுவா சுத்து" என்று நித்யா கன்னம் தோலில் படுகிற அளவுக்குக் குனிந்தாள். ஊசி இறங்கியது. ஏறும்போது தோலும் அதோடு ஒட்டிக்கொண்டு எழும்பியது.

"தோலு கூடவே எழும்புது! அப்புறம் எப்படி நூல் கண்ணி விழும், கொக்கி எதைப் புடிக்கும்? மேலேருந்து அழுத்தம் பத்தலங்க!"

அழுத்தம் கூட்டும் திருகு, மிஷினின் தலையில் யாரோ அடித்திருந்த பெயிண்டுக்குள் ஒளிந்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பேனர் போட்டு, ஜோசப்ராஜ் பல்லைக் கடித்துத் திருகினான். கிறீச்சென்று அசைந்தது.

நித்யா மிதித்தாள். தடக், தடக், தடக். மடிப்பு வந்தது, தாண்டியது, ஒரு தையல்கூடத் தப்பவில்லை.

"விழுந்துடுச்சு! விழுந்துடுச்சு!" என்று அவள் கூவிய கூவலில் பக்கத்து டீக்கடைக்காரர் பதறி எட்டிப் பார்த்தார். பொழுது சாயும்வரை மிஷின் ஓயவில்லை. சிந்துஜா மணிகளைக் கோத்துக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் நித்யாவும் ஜோசப்ராஜும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்கள். கோயிலில் கூட்டம் ஜாஸ்தி. பிள்ளைகள் மேடையேறி ஒரே தாளத்தில் மிதித்தபோது அத்தனை மணிகளும் சேர்ந்து அதிர்ந்தன. நித்யா முகங்களைப் பார்க்கவேயில்லை, கணுக்கால்களையே பார்த்தாள். மிதி வேகமெடுத்தது. ஒரு பட்டையும் பிரியவில்லை, ஒரு மணியும் உதிரவில்லை.

பாட்டு பாதியில் இருக்கும்போதே அவள் படபடவென்று கைதட்டிவிட்டாள். முன்வரிசையில் நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். அவள் நிறுத்தவில்லை. ஜோசப்ராஜும் சேர்ந்து தட்டினான்.