ஏலத்தில் எடுத்த வீட்டில் இரண்டு அடுப்பு

1

இது நான் தேடிப் பிடித்த கதை இல்லை. என் அண்ணி சிவசங்கரி போனில் கத்தியதில் வந்தது.

"வீட்ட எடுத்துட்டேன் தம்பி. உள்ள ஆளுங்க இருக்காங்க. போவ மாட்றாங்க!"

அண்ணன் இறந்தபின், மகள் பூர்ணிமாவோடு வாடகை வீடுகளில் அலைந்தவர். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் மாத்திரை கம்பெனி வேலை. நகைகளை விற்று, கடன் கட்டாததால் பேங்கு எடுத்துக்கொண்ட அரியாங்குப்பத்து வீடொன்றை ஆன்லைன் ஏலத்தில் வாங்கினார்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அரியாங்குப்பம் பாலத்தைக் கடக்கையில் ஆற்றின்மேல் மாலை வெயில் பொன்னாக—'

(அடித்துவிட்டேன். அண்ணி அந்தப் பாலத்தில் ஆற்றைப் பார்த்ததே இல்லை. எதிரே வரும் லாரியைத்தான் பார்ப்பார்.)

நடந்ததையே சொல்கிறேன். பழைய வாடகை வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டதால், சாமான்களை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார். கதவைத் திறந்தவர் மதிவாணன், வீட்டைப் பறிகொடுத்தவர்.

"சாவி குடுங்க."

"சாவி எதுக்கும்மா? நாங்கதான் உள்ளயே இருக்கமே."

அண்ணி பேங்குக்குப் போன் போட்டார். 'உள்ளது உள்ளபடியே' விற்றோம், நோட்டீசில் போட்டிருக்கிறதே என்றார்கள். (உள்ளதில் மதிவாணனும் சேர்த்தி என்று யாருக்குத் தெரியும்?) ஆளைக் காலிசெய்ய கோர்ட் ஆர்டர் வரவேண்டுமாம்.

"பொண்ணுக்கு இது நெறமாசம். இப்ப எவன் வீடு குடுப்பான்?" என்றார் மதிவாணன். அவர் மகள் அபி, வயிற்றைப் பிடித்தபடி பின்னால் நின்றாள்.

அண்ணி திரும்பிப் போக இடமில்லை. ஹாலில் பாயை விரித்தார்.

3

மதிவாணனைக் கெட்டவனாக எழுதப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். அந்த மனுஷனோ, அண்ணியின் பீரோவை மறுமுனையில் பிடித்து உள்ளே தூக்கி வைத்திருக்கிறார். இப்படிச் செய்தால் நான் என்னத்தை எழுதுவது?

ஹாலில் ஒரு அடுப்பு, சமையலறையில் ஒரு அடுப்பு. தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை. கக்கூசுக்குச் சண்டை. பூர்ணிமா பிளஸ் டூ படிப்பது மொட்டைமாடியில்.

"என் வூட்டுல நான் விருந்தாளி மாதிரி இருக்கேன் தம்பி."

"வக்கீலப் பாருங்க அண்ணி."

"பாத்துட்டேன். அவரும் பொறுமையா இருங்கன்றாரு."

4

மதிவாணன் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலத்துக்குப் போயிருந்த ஒரு காலை, அபிக்கு வலி எடுத்தது. அண்ணி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, ஆட்டோவில் அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். பெண் குழந்தை.

இங்கே முடித்தால் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். இரண்டு குடும்பமும் ஒன்றாகி—

(ஆகவில்லை. குழந்தை வீட்டுக்கு வந்த மறுநாளே மோட்டார் சண்டை.)

5

இன்று அண்ணிக்குப் பேங்கிலிருந்து போன். ஆர்டர் வந்துவிட்டது. திங்கட்கிழமை போலீசோடு வருகிறார்களாம். இதை விட்டால் அடுத்து எப்போது என்று சொல்ல முடியாதாம்.

"உள்ள யாராவது முடியாதவங்க, கைக்குழந்த இருக்காங்களாம்மா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, தேதிய தள்ளி வெக்கணும்."

அபி குளிக்கப் போயிருந்தாள். குழந்தை அண்ணியின் மடியில். எதிரே பூர்ணிமா, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு.

அண்ணி 'இருக்கு' என்றார் என்று ஒரு முடிவு எழுதினேன். பூர்ணிமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 'இல்லை' என்று மாற்றினேன். எனக்கே சோறு இறங்கவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

எரிச்சலாக வருகிறது. படிக்கிற உங்களுக்கு மட்டும் வராதா? போன் இன்னும் அவர் காதில்தான் இருக்கிறது. என்ன சொல்லவேண்டுமென்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

மெதுவாகச் சொல்லுங்கள். குழந்தை தூங்குகிறது.