முதுகில் தொங்கிய நூல்

“கத்திரிக்கோல் எங்கட்டி?” என்று உலகம்மை ஆச்சி கேட்டதும் முத்துவடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

நீர்மாலை எடுத்து வந்த தண்ணீரில் பிணத்தைக் குளிப்பாட்டி முடிந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் நான்கு பெண்கள் பழைய சேலைகளைத் திரையாகப் பிடித்து வெளிப்பக்கம் பார்த்து நிற்க, நடுவே பெஞ்சில் முத்துவடிவின் அக்கா நாச்சியார் கிடந்தாள். உள்பாவாடை கட்டியாயிற்று. ஜாக்கெட்டில்தான் வேலை நின்றுபோனது. வலது கை எப்படியோ நுழைந்துவிட்டது. இடது கை, ஆபரேஷனுக்குப் பிறகு நீர் கோத்து வீங்கிய கை, முழங்கைக்கு மேல் துணியை ஏறவிடவில்லை. ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் இருந்த உடம்பு. மடக்கினால் மடங்கவில்லை.

அந்த வட்டாரத்தில் எந்தப் பெண் செத்தாலும் உடுத்திவிட உலகம்மை ஆச்சிதான் வரவேண்டும். நல்ல மனுஷிதான். ஆனால் காரியத்தில் இறங்கிவிட்டால் வீட்டுக்காரர்களை அழக்கூட விடமாட்டாள். விறைத்த உடம்புக்கு முதுகைக் கிழிக்காமல் ஜாக்கெட் போட முடியுமா, எல்லோருக்கும் செய்கிறதுதானே, சேலைக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். தம்பி பெண்டாட்டி உமா மகேஸ்வரி உள்ளே ஓடி, தையல் மிஷின் மேலிருந்த கத்திரியையே எடுத்து வந்துவிட்டாள். நாச்சியார் யாரையும் தொடவிடாத கத்திரி அது.

“கத்திரி வேண்டாம் ஆச்சி,” என்றாள் முத்துவடிவு.

“பின்னே?”

பின்னே என்ன என்று அவளுக்கு மட்டும் தெரியுமா? வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது ஒன்றுதான் தெரியும்.

அவர்கள் அம்மா செத்தபோதும் இப்படித்தான். ஆசை ஆசையாகத் தைத்து, நல்ல நாளுக்கென்று மடித்து வைத்திருந்த மயில்கழுத்து நிற ஜாக்கெட்டைக் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே போக்கில் வெட்டினார்கள். அந்தச் சத்தம் அக்கா தங்கை இரண்டு பேர் காதிலும் தங்கிவிட்டது. அன்றைக்கு ஒன்றும் பேசாத நாச்சியார், பல வருஷம் கழித்து, கீமோவில் முடியெல்லாம் கொட்டிப்போய் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், முறுக்கைக் கடித்துக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்தாள்.

“எம் மேல கத்திரி படக்கூடாது வடிவு. உசிரோட இருக்கையில வெட்டுனதே போதும்.”

வாயை மூடிக்கொண்டு கிட என்று திட்டினாள் முத்துவடிவு. அக்கா விட்டால்தானே? கையைப் பிடித்துக்கொண்டு சொல்லு, சொல்லு என்று நச்சரித்தாள். சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த முறுக்கை எடுத்தாள்.

நாச்சியார் தையல்காரி ஒன்றும் இல்லை. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவள். ஒரு கொக்கி அறுந்தால்கூடத் தென்காசி பஜாரில் டெய்லர் கடையில் கொடுத்துத்தான் வைத்துக்கொள்வாள். இடது மார்பை எடுத்த பிறகுதான் மிஷின் வாங்கினாள். டெய்லருக்கு அளவு ஜாக்கெட் கொடுக்கவேண்டும். பழைய அளவு இனி ஆகாது. புதிதாக அளவெடுக்க டேப்போடு நிற்கிறவரிடம் வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டிருக்க அவளுக்கென்ன தலையெழுத்தா? போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். முதல் ஜாக்கெட்டில் கழுத்து கோணிக்கொண்டது. அதையும் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனாள். இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்துத் தைத்து, பஞ்சு கனமில்லாமல் மேலே ஏறுகிறது என்று கடுகை நிரப்பிக்கொண்டாள். அவிழ்ந்து கொட்டினால் தாளித்துக்கொள்ளலாம் என்று அவளே கேலி பேசுவாள்.

உடம்புதான் ஓர் அளவில் நிற்கமாட்டேன் என்றது. ஊசி போட்டால் இளைத்தாள், பிடித்துத் தைத்தாள். மாத்திரையில் ஊதினாள், பிரித்து விட்டாள். மறுபடி இளைத்தாள். ஒரு தரம் நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, வேறு யாரையோ சொல்கிற மாதிரி, “இவளுக்குத் தைச்சு முடிக்கதுக்குள்ள இவ வேற ஒருத்தி ஆயிருதா,” என்றாள். முத்துவடிவுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தபோதும், போர்வைக்கு அடியில் கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்ததாம். அத்தான் மகாதேவன் பாதத்தைப் பிடித்து நிறுத்தினால் நிற்குமாம், விட்டால் மிதிக்குமாம். காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அவர் இதை ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பீரோவின் அடித்தட்டில் மஞ்சள் துணிப்பைக்குள் கடைசியாகப் போட ஒன்று இருக்கிறது என்று நாச்சியார் முன்பே சொல்லியிருந்தாள். காலையில் அதை எடுத்தவள் முத்துவடிவுதான். அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட். இடது பக்கத்தில் பை இல்லை, கடுகு இல்லை. ஒரு பக்கம் தட்டையாகவே தைத்திருந்தாள். அது கிடக்கட்டும். முதுகின் நடுவில், தேவையே இல்லாத இடத்தில், ஒரு தையல். பள்ளிக்கூடப் பிள்ளை போட்ட மாதிரி நீள நீளமான தையல். அரக்குத் துணிக்கு மஞ்சள் நூல். அடியில் ஒரு சாண் நூல் வெட்டாமல் தொங்கியது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரி முதுகில் நூல் தொங்கினால்கூடக் கை பரபரக்கிற நாச்சியார் தைத்ததா இது! கடைசியில் கையும் கண்ணும் போய்விட்டன என்று நினைத்ததும், உயிர் போனபோது வராத அழுகை முத்துவடிவுக்கு வந்தது. நூலைக் கடித்து எடுத்துவிடலாம் என்று வாய்க்குக் கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி தில்லைநாயகம் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்து இறங்கினான். வாசலில் ஒப்பாரி எழுந்தது. ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

இப்போது ஆச்சி நாச்சியாரை ஒருக்களித்துச் சாய்த்து முதுகைத் திருப்பினாள். இடது பக்கம் தோளுக்குக் கீழே சுருண்டு கிடந்த துணியை இழுத்துப் பிடித்துக் கத்திரியை வைத்தாள். வெளியே சாரல். சீசன் கூட்டம் வேன் வேனாகக் குற்றாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பந்தல் சாலையை அடைத்துவிட்டது என்று எவனோ ஹாரன் அடிக்க, யாரோ அவனைத் திட்டுவது கேட்டது.

முத்துவடிவு ஆச்சியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“விடு தாயி. நேரமாகுது. அங்க ஆம்பிளைய அவசரப்படுதாவ.”

அவள் விடவில்லை. பிடித்த கைக்குக் கீழே அந்த மஞ்சள் நூல் தெரிந்தது. கத்திரி எங்கே வெட்டப்போனதோ சரியாக அதே இடத்தில், கழுத்திலிருந்து இடுப்புவரை, ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்குச் சித்திரை மாதத்து ஒரு பகல் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு நாச்சியார் போன் போட்டுச் சுரண்டையிலிருந்து அவளை வரவழைத்தாள். பழைய வேட்டித் துணியில் முதுகு திறந்தபடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தாள். ட்ரிப் ஏறுகிற கையோடு சட்டை மாட்ட முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஒன்று தைக்கிறேன், உன் மேல் போட்டுப் பார்க்கிறேன் என்றாள். பிறந்ததிலிருந்து நாச்சியார் ஒல்லி, முத்துவடிவு தடி. அந்த மாதம்தான் வீக்கத்தில் இரண்டு பேரும் ஓர் அளவுக்கு வந்திருந்தார்கள்.

“படு. கையை விறைப்பா வச்சுக்கோ. நான் என்ன செஞ்சாலும் நீ ஒத்தாசை பண்ணக்கூடாது,” என்றாள்.

முத்துவடிவுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. மூச்சு வாங்க வாங்க அவள் கையைத் தூக்கினாள், நுழைத்தாள், உருட்டினாள், முதுகுக்கு அடியில் நாடாவை இழுத்துக் கட்டினாள். பிறகு கால்மாட்டில் போய் நின்றுகொண்டு பார்த்தாள். கண்ணை மூடு என்றாள். எதற்கு என்று கேட்காமல் மூடினாள் முத்துவடிவு. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நேரமாகிறதே என்று கண்ணைத் திறந்தபோது அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உனக்குச் சரியாக இருந்தால் எனக்கும் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள். தங்கையும் பின்னாலேயே போய், பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முத்துவடிவு நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

எங்கேயும் சிக்கவில்லை. முழு நீளமும் கையோடு வந்தது. முதுகு இரண்டாகத் திறந்துகொண்டது. இரண்டு ஓரமும் உள்ளே மடித்துப் பொடித் தையலாய்க் கையால் தைத்திருந்தது. பிசிறு என்று சொல்ல ஒன்று இல்லை. கழுத்திலும் இடுப்பிலும் நாடாக்கள் மடிந்து உள்ளே கிடந்தன. முன்பக்கமாக நுழைத்ததும் வீங்கிய கை பேசாமல் போய்ச் சேர்ந்தது. அதற்கும் இடம் விட்டுத்தான் வெட்டியிருந்தாள் மகராசி.

ஆச்சி கத்திரியைக் கீழே வைத்தாள். எத்தனையோ பேரை உடுத்திவிட்டவள். மடித்துத் தைத்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதை எங்கன வச்சுப் பழகுனா?” என்று கேட்டாள்.

“எம் மேல,” என்றாள் முத்துவடிவு. “என்னைப் படுக்கப் போட்டு, எம் மேல போட்டுப் பாத்தா ஆச்சி.”

சேலைத் திரை பிடித்திருந்தவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாடாவை முத்துவடிவே கட்டினாள். கோடிச் சேலையைச் சுற்றி, மஞ்சள் பூசி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்தார்கள். எல்லாம் முடிந்து கால்மாட்டில் போய் நின்றபோது, தான் நிற்கிறது அன்றைக்கு அக்கா நின்று பார்த்த இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. அங்கே நிற்க முடியாமல் தலைமாட்டுக்குப் போய்விட்டாள்.

சிற்றாற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருமுக்குவரை போய்த் திரும்பிய பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். முத்துவடிவு குளித்தாள். விரலில் எப்போது சுற்றினாள் என்று தெரியாமல் சுற்றியிருந்த மஞ்சள் நூல் குளியலிலும் போகவில்லை. அக்கா பண்டிகைக்குத் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டைத்தான் மாற்றுக்கு எடுத்து வந்திருந்தாள். வேறு இல்லை. அதைப் போட்டுக் கொக்கிகளை மாட்டினாள். பிடிக்காமல் இறுக்காமல் உடம்போடு உட்கார்ந்தது. எப்போதும் அப்படித்தான் உட்காரும். இன்றைக்கு அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கூடத்தில் உமா காபி கொண்டுவந்து கொடுத்தாள். முத்துவடிவு வாங்கவில்லை. அவள் கை முதுகுப் பக்கம் போய் எதையோ தடவிக்கொண்டிருந்தது.

“உமா, எம் முதுகுல நூல் ஏதும் தொங்குதா பாரு.”

உமா எட்டிப் பார்த்தாள். “ஒண்ணும் இல்லையே மதினி.”

முத்துவடிவு தலையாட்டினாள். காபியை வாங்கி ஒரு வாய் குடித்தாள். உள்ளே தையல் மிஷினுக்கு யாரோ ஒரு வேட்டியைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். சாலையில் அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களின் வேன் ஒன்று போயிற்று.

“இன்னொரு தரம் பாரு,” என்றாள்.

உமா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மதினியின் ஈரத் தலைமுடியைத் தோளுக்கு முன்னால் ஒதுக்கிவிட்டு, கழுத்திலிருந்து இடுப்புவரை பார்த்தாள்.