பதினான்காம் பக்கத்துப் பாறை

வியாழக்கிழமை மத்தியானம் தபால் வண்டிக்காரர் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். என் ஒன்பதாவது படப் புத்தகம். ஒன்றரை வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்தது. முள்ளெலி ஒன்று காளான் பறிக்க இயந்திரம் செய்கிற கதை. பழைய தையல் மெஷினின் மிதி, சைக்கிள் செயின், பால் கேன் மூடிகள், இழுப்பதற்கு நாலு முயல்கள். குழந்தைகள் விரலை வைத்துத் தேட ஒவ்வொரு பக்கத்திலும் நூறு சாமான்களாவது இருக்கும். காபி போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மகாராணி மாதிரி உட்கார்ந்து புரட்டினேன்.

பதினான்காம் பக்கம் வந்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு காடு. நடுவில் இரண்டாகப் பிளந்த பாறை, பிளவுக்குள் சிவப்புப் பழக் கொத்து தொங்கும் ஒரு ரோவன் மரம், பக்கத்தில் யாரோ எப்போதோ விட்டுப்போன வைக்கோல் வண்டியின் இரும்புச் சக்கரம். பாறைச் சரிவு முழுக்க மஞ்சள் காளான். வரையும்போது இதெல்லாம் என் கற்பனை என்றுதான் நினைத்திருந்தேன். ஜனவரி மாதம், வெளியே இடுப்பளவு பனி, கை பாட்டுக்கு வரைந்துகொண்டு போனது. அச்சில் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கற்பனையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அது அல்கோட் ரகசியமாகக் காளான் பறிக்கும் இடம்.

எங்கள் நாட்டில் காடு எல்லாருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் காளான் பறிக்கலாம். அதனாலேயே நல்ல இடம் தெரிந்தவர் வாயைத் திறப்பதில்லை. பெற்ற பிள்ளைக்கே சாகிற நேரத்தில்தான் சொல்வார்கள், சிலர் அப்போதும் சொல்ல மாட்டார்கள். "எங்கே பறிச்சீங்க?" என்று கேட்டால், "காட்டுல" என்று பதில் வரும்.

அல்கோட் அடுத்த பண்ணை வீட்டுக்காரர். வயது எழுபத்திரண்டு, ஆயுள் முழுக்க டிராக்டர் ரிப்பேர் பார்த்தவர். என் புத்தகங்களில் வருகிற இயந்திரங்கள் நிஜமாகவே ஓடுமா என்று அவர்தான் பார்த்துச் சொல்வார். "இந்த பெல்ட் நழுவிடும், பல்சக்கரத்தை மாத்து" என்பார், நானும் மாற்றுவேன். இந்தத் தடவை பக்கங்கள் தயாரானபோது அவர் இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் போய்விட்டார். பார்க்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் கணவர் என்னை விட்டுவிட்டுப் போனார். நான் வெளியே தலைகாட்டாமல் கிடந்தேன். ஒரு நாள் அல்கோட் வந்து கூடையை நீட்டி, "வா" என்றார். அந்தப் பாறைக்குத்தான் கூட்டிப்போனார். அவர் அம்மா அவருக்குக் காட்டிய இடம். கல்யாணம், குழந்தை எதுவும் இல்லாத மனிதர், என்னைத் தவிர வேறு யாருக்கும் காட்டியதில்லை. யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது கெட்டி அட்டை போட்டு, நாலு வண்ணத்தில் அச்சடித்து, நாடு முழுக்கக் கடைகளுக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த ஊரில் எனக்கு என்று இருப்பது அவர் ஒருவர்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் யாரிடம் போவேன்? பயமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்வது.

சனிக்கிழமை ஊர் மன்றத்தில் புத்தக வெளியீடு. அதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். போனதும் புத்தகத்தை மட்டும் மேஜைமேல் வைத்தேன்.

கண்ணாடியை மாட்டி, பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வந்தார். "செயின் சரியா இருக்கு. இந்த மிதிக்கு எண்ணெய் போடற ஓட்டை எங்க? ம், இந்தா இருக்கு. பரவால்லையே நீ."

பதினான்காம் பக்கத்திலும் முதலில் இயந்திரத்தைத்தான் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடி மெதுவாகப் பாறைக்கு நகர்ந்தது. அங்கேயே நின்றது.

"அல்கோட், நான் வேணும்னு செய்யல. எனக்கே தெரியாமப் போச்சு."

அவர் புத்தகத்தை மூடினார். "காபி ஆறுது, குடி" என்றார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மன்றத்தில் நாற்பது பேர். வழக்கப்படி ஏழு வகை பிஸ்கட், இரண்டு பெரிய கெட்டில் காபி. அல்கோட் தாமதமாக வந்தார். என்னைப் பார்க்காமல் கைத்தடியோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புத்தகங்கள் கைமாறின. எங்கள் ஊர்க்காரர்கள் என் புத்தகத்தில் கதை படிப்பதில்லை, தங்களைத் தேடுவார்கள். வேட்டைக் குழுத் தலைவர் சிக்ஸ்டன் உடனே கண்டுபிடித்துவிட்டார். "ஏம்மா டீரா, ஆரஞ்சுத் தொப்பி போட்ட இந்த வாத்து நான்தானே? மூக்கை இவ்ளோ நீளமா போட்டிருக்கே."

"அளந்துதான் போட்டேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார். பதினான்கு வந்ததும் சிரிப்பு நின்றது. காது சிவந்தது. இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டு, கூரையில் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். அடுத்து எங்கள் தேவாலயப் போதகர் எஸ்ட்ரிட். பதினான்காம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "இந்த இஞ்சி பிஸ்கட் யாரு செஞ்சது?" என்று பொதுவாகக் கேட்டார். கேட்டது அவர் செய்துகொண்டு வந்த பிஸ்கட்டைத்தான். இப்படியே ஒவ்வொருவராக. கொஞ்ச நேரத்தில் மன்றமே கப்சிப். போச்சு, எல்லாரும் மனதுக்குள் வழியைக் குறித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். விட்டால் அழுதிருப்பேன்.

அப்போது அல்கோட் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"பதினாலாம் பக்கத்துல ஒரு பாறை இருக்கே. அது எங்க இருக்குன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது" என்றார் சிக்ஸ்டன், அவர் கேட்டு முடிப்பதற்குள். "அது நம்ம பக்கமே இல்லப்பா. வடக்க எங்கயோ, லாப்லாந்துப் பக்கம்." ஐம்பது வருடமாக இந்தக் காட்டில் ஒவ்வொரு கல்லையும் மிதித்த மனிதர் இதைச் சொன்னார்.

"நான் பார்த்ததே இல்ல" என்றது ஒரு குரல். "பொம்மைப் புஸ்தகம்தானே, கற்பனை" என்றது இன்னொன்று.

"இருந்தாத்தான் என்ன, அங்க யாரு போவா?" என்றார் எஸ்ட்ரிட். "பாறைக்குப் பின்னாடி ஒரே சதுப்பு, பூட்ஸ் உள்ள போயிடும்."

படத்தில் சதுப்பு கிடையாது. எஸ்ட்ரிட்டுக்கும் அது உறைத்தது. கழுத்துப் பட்டைவரைக்கும் சிவந்துபோய், காபி கோப்பைக்குள் பார்வையைப் போட்டார். அவரைக் கேலி செய்ய ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் தனக்கு மட்டும் சதுப்பு எப்படித் தெரியும் என்ற கேள்வி வருமே. எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மன்றத்தில் பாதிப் பேர், அது தனக்கு மட்டுமே தெரிந்த இடம் என்று நினைத்திருக்கிறார்கள். திருட்டுத்தனமாகப் போய் வருகிறவர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார்கள்.

அல்கோட்டின் தோள் குலுங்குவதைப் பார்த்துப் பயந்துபோய் ஓடினேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"வருஷா வருஷம் காளான் கொறையுதேன்னு பார்த்தேன் டீரா. மான்தான் திங்குதுன்னு நெனச்சேன்." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "அத்தனை மானும் இங்க உக்காந்து காபி குடிக்குது."

"என்மேல கோவம் இல்லையா?"

"நேத்து இருந்துச்சு. அம்மா குடுத்ததை ஊருக்குப் போட்டு உடைச்சிட்டாளேன்னு இருந்துச்சு." மன்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "இப்ப என்னன்னு கோவப்படறது? நாப்பத்திரண்டு வருஷம், விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, கால்தடம் தெரியக்கூடாதுன்னு ஓடைக்குள்ளயே நடந்து போயிருக்கேன். இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு இந்த வருஷம் எப்படிப் போறதுன்னு ஒரே கவலை."

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். பக்கத்து நாற்காலியைக் கைத்தடியால் என் பக்கம் தள்ளினார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. உட்கார்ந்தேன். அவருக்கும் எனக்கும் காபி ஊற்றினேன்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வரேன்" என்றார். "கார்லயே போலாம்."

"ஒம்பது மணிக்கா? பட்டப்பகல்லயா?"

"ஆமா. நல்லாத் தூங்கி எந்திரிச்சு வா."