உதவி பெற்றவர் கையொப்பம்

வன்னியம்பட்டி இருளப்பசாமி வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை அதன்மேல் நீட்டி வைத்திருந்தார். நான் வாசலில் நின்று, "கான்வென்ட்டுலருந்து வாரேன். உங்களுக்குச் சேவை செய்யணும்" என்றதும், அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைத் துண்டால் தட்டி என் பக்கம் தள்ளினார். "உக்காரு தாயி. வெயில்ல வந்திருக்க" என்றார். அவர் மனைவி பரிபூரணம் கலர் சோடா வாங்கக் கடைக்கு ஓடினார். அடுத்த இரண்டு மணி நேரமும் நான் கலர் குடித்தேன், முறுக்குத் தின்றேன், எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்குப் பதில் சொன்னேன். கிளம்பும்போது ஒரு கட்டு முருங்கைக்காயும் கொடுத்தார்கள். என் சேவை அட்டையில் 'உதவி பெற்றவர் கையொப்பம்' என்றிருந்த கட்டத்தில் இருளப்பசாமி தன் முழுப் பெயரையும் சந்தோஷமாக எழுதினார்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அது. சிஸ்டர் பெர்னதெத் எங்கள் கான்வென்ட்டுக்குத் தலைமையாசிரியையாக வந்த கையோடு இந்தச் சேவையைக் கொண்டுவந்தார். பிளஸ் டூ பெண்கள் ஆளுக்குப் பத்துச் சனிக்கிழமை, முடியாதவர்கள் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் வேலை செய்ய வேண்டும். பத்துக் கட்டமும் நிறையாவிட்டால் நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது. மற்றவர்களுக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். எனக்கு உயிர்ப் பிரச்சினை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கறிக்கடை வைத்திருந்த என் அத்தா சேக் முகைதீனை, மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நான் காலேஜ் படிப்பதற்குச் சம்மதிக்க வைக்கவே ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன பெண் அதுவரை கிடையாது. "ஒரு காயிதம் கொறஞ்சாலும் அனுப்ப மாட்டேன் நூரு" என்று சொல்லி வைத்திருந்தார்.

இரண்டாவது சனிக்கிழமை நான் விளக்குமாற்றை எடுத்தேன். பரிபூரணம் அதைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டார். மூன்றாவது வாரம் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். "வீட்டுக்கு வந்த புள்ளய வேல வாங்குனான்னு ஊரு சொல்லவா?" என்று இருளப்பசாமி கட்டிலில் இருந்தபடியே சத்தம் போட்டார். பஞ்சு லாரியில் இருந்து குதித்துக் காலை ஒடித்துக்கொண்ட மனிதர். ஒரே மகளைக் கூமாப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள், அவளுக்கு அப்போது நிறைமாதம். பரிபூரணம்தான் பருத்திக்காட்டு வேலைக்கும் போய், தண்ணீரும் சுமந்து, புருஷனையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு உதவி வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் சனிக்கிழமை ஆனால் முட்டைக் குழம்பு, அப்பளம், பாயசம். என் வகுப்பில் எல்லோரும் சேவை செய்து இளைத்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் ஒரு சுற்றுப் பெருத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. பாயசம் நன்றாகவும் இருந்தது.

நான்காவது வாரம், "அடுத்த தடவ கோழி அடிக்கணும்" என்று பேச்சு வந்தது. இதற்கு மேல் தாங்காது என்று, "நாங்க பாய் அறுத்த கறிதான் சாப்பிடுவோம்" என்று சொல்லித் தப்பித்தேன். தப்பித்ததாக நினைத்துக்கொண்டேன். அவர்கள் அதை ஒரு மறுப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை பரிபூரணம் அரைநாள் கூலியை விட்டுவிட்டு, வீட்டில் இருந்த ஒரே சேவலை ஒயர் கூடையில் வைத்து, டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், பாய் கடையில் அறுத்துக்கொண்டு வந்துவிட்டார். நானும் சாப்பிட்டேன். எங்கள் வீட்டுக் கடை என்ன கடை என்று நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அத்தா கை கழுவிக்கொண்டே கேட்டார். "கறி நல்லா வெந்துச்சா?"

நான் துண்டை எடுத்து நீட்டினேன்.

"முத்தச் சேவலு. நாந்தான் அறுத்தேன். வீட்டுல என்ன விசேசம்னு அந்தம்மாகிட்ட கேட்டேன். கான்வென்ட்டுலருந்து ஒரு பாய் வீட்டுப் புள்ள சேவ செய்ய வருது, அதுக்குத்தான்னு சொல்லுது." துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "காலொடிஞ்சவன் வீட்டுல ஒக்காந்து தின்னுபுட்டு, அதுக்குக் கையெழுத்து வேற வாங்கிருக்க. இந்தக் காயிதத்தக் காட்டித்தான் நீ காலேசுக்குப் போவியோ? மிச்சம் அஞ்சு வாரம் கெடக்கு. மேலு நோவ வேல செஞ்சுட்டு வா. இல்லன்னா மதுரப் பேச்சையே எடுக்காத."

அத்தா திட்டியதுகூடப் பரவாயில்லை. அவர் முகத்தில் இருந்தது அவமானம்.

ஆறாவது சனிக்கிழமை நான் ஒன்பது மணிக்கே போய்விட்டேன். பரிபூரணம் காட்டுக்குப் போயிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் கூட்டினேன், பாத்திரம் துலக்கினேன், அடுப்பெரிக்கக் கொல்லையில் போட்டிருந்த பருத்தி மாரைக் கட்டி அடுக்கினேன். இருளப்பசாமி ஊன்றுகோலை ஆட்டி ஆட்டிக் கத்திப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பரிபூரணம் வந்து முட்டையைக் கையில் எடுத்தபோது, "வேலை சொல்லலன்னா இந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது. பரிபூரணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முட்டையைத் திரும்பப் பானைக்குள் வைத்தார்.

"அப்பச் சரி. ஏட்டி, அந்தக் கொடத்த எடு. எங்கூட வா."

அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த அத்தனை வேலையையும் அந்த அம்மாள் என் தலையில் இறக்கினார். அடிபம்பில் இருந்து பன்னிரண்டு குடம். சோளம் புடைத்தேன். ஆட்டுக் கொட்டகையில் புழுக்கை அள்ளினேன். "கையில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க, அழுத்தித் தேயி" என்று பேச்சும் வாங்கினேன். பாயசம் நின்று போனது. மத்தியானம் அவர்கள் குடித்த கஞ்சிதான் எனக்கும், அதுவும் வேலை முடிந்த பிறகு. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் தோள்பட்டைக்குத் தைலம் தேய்க்கச் சொன்னேன். அத்தா பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். அட்டையை நீட்டினால் இருளப்பசாமி வாங்க மாட்டேன் என்றார்.

"விருந்தாளியா வந்தப்பப் போட்டேன். அது மரியாத. இப்ப வீட்டுப் புள்ளயா வேல பாக்குற. எம்மக தண்ணி எடுத்ததுக்கு நான் என்னைக்காச்சும் கையெழுத்துப் போட்டுருக்கனா?"

"மாமா, அது இல்லன்னா எனக்குக் காலேஜ் கெடைக்காது."

"என்ன படிப்போ போ. பெத்த புள்ளகிட்ட ஒதவி வாங்குனேன்னு எழுதிக் குடுக்கச் சொல்ற படிப்பு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சும்மா உட்கார்ந்து தின்ற ஐந்து வாரத்துக்குக் கையெழுத்து இருந்தது. முதுகு ஒடிய வேலை செய்த நான்கு வாரத்துக்கு ஒன்றுகூட இல்லை. பரிபூரணத்திடம் கெஞ்சினேன். "அவிய போடாம நான் எப்பிடிப் போட?" என்று முடித்துவிட்டார். சிஸ்டர் பெர்னதெத் என் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, "அஞ்சு வாரத்தோட சலிச்சுப் போச்சா?" என்றார். நான் சொன்ன காரணத்தை அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பத்தாவது சனிக்கிழமை நான் கொட்டகையில் புழுக்கையும் கையுமாக நிற்கும்போது கான்வென்ட் வேன் வந்து நின்றது. சிஸ்டரே நேரில் விசாரிக்க வந்துவிட்டார். விசாரணை தொடங்குவதற்குள் பரிபூரணம் பாயை விரித்து, பக்கத்து வீட்டு வாழையில் இலை அறுத்துவந்து போட்டுவிட்டார். சிஸ்டர் எவ்வளவோ மறுத்தார். சோறு, முட்டைக் குழம்பு, அப்பளம். என்னைப் பார்த்து, "ஏட்டி, கை கழுவிட்டுத் தண்ணி கொண்டா, பெராக்குப் பாத்துட்டு நிக்காத" என்று ஒரு சத்தம். நான் ஓடினேன். சிஸ்டர் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

சாப்பாடு முடியும் தறுவாயில் சிஸ்டர் இருளப்பசாமியிடம் கேட்டார். "இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன உதவி செஞ்சா?"

"ஒதவியா?" இருளப்பசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு ஒதவியும் செய்யல சிஸ்டர்."

மதுரை, ஹாஸ்டல், எல்லாம் என் கண் முன்னால் இடிந்து விழுந்தது. நான் அவரைக் கெஞ்சலாகப் பார்த்தேன். அவர் அசையவில்லை. பொய் சொல்லாத மனிதரின் நிம்மதியோடு காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

சிஸ்டர் எழுந்து, கையைக் கழுவிவிட்டு வந்தார். அங்கியிலிருந்து என் அட்டையை எடுத்தார், பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் குனிந்து தன் இலையை எடுக்கப் போனார்.

"நீங்க அதுல கைய வைக்கக் கூடாது" என்று பரிபூரணம் தடுத்தார். "விருந்தாளி எல எடுக்கவா? ஏட்டி நூரு, எடுத்துப் போடு."

நான் சிஸ்டரின் காலடியில் குந்தி, மிச்சக் குழம்பும் கறிவேப்பிலையும் சிந்தாமல் இலையை மடித்து எடுத்தேன். நிமிர்ந்தபோது, 'உதவி பெற்றவர் கையொப்பம்' என்றிருந்த காலிக் கட்டத்தின்மேல் பேனாவைப் பிடித்தபடி சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டகையில் ஆடுகள் இலையைப் பார்த்துக் கத்தத் தொடங்கின.